ஏபியின் ரேடியோ அட்வான்ஸ்டு செட்டிங்: எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்?

நீலவானம்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் மூன்று தளங்கள், தளத்துக்கு ஓர் அக்சஸ் பாயிண்ட் (ஏபி). மூன்றும் ஒரே மாடல், வைஃபை 6 வரை தெரிந்தவை, கேபிள் வழியாக ஒரே ஸ்விட்சில் சேர்கின்றன. எங்கே நின்றாலும் ஃபோனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன. ஆனாலும் ஆட்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு வீடியோ அழைப்பில் குரல் துண்டு துண்டாக வருகிறது. பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினால் அழைப்பே விழுந்துவிடுகிறது. கேபிளில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் இணையத்தில் ஒரு குறையும் இல்லை.

இந்தப் பொறுப்பு இப்போதுதான் என் கைக்கு வந்தது. அட்வான்ஸ்டு பக்கத்தில் எனக்கு முன் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது இதுதான்:

2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்று ஏபியும் சேனல் 6, அகலம் 40 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் ஆட்டோ (மூன்றும் 36-இல் போய் உட்கார்ந்திருக்கின்றன), அகலம் 80. பவர் இரண்டிலும் 'ஹை', அதாவது 23 டிபிஎம். பீக்கன் இன்டர்வல் 100, டிடிம் 1, ஆர்டிஎஸ் த்ரெஷோல்டு 256, ஃப்ராக்மென்டேஷன் 2346, ப்ரீயாம்பிள் லாங். 802.11பி (பழைய, மெதுவான வைஃபை தரம்) இயக்கத்தில் இருக்கிறது. டபிள்யூஎம்எம் ஆன், ஏர்டைம் ஃபேர்னஸ் ஆஃப். 11ஆர் ஆன், 11கே, 11வி இரண்டும் ஆஃப். எஸ்எஸ்ஐடி, அதாவது வைஃபை பெயர், நான்கு: பணியாளர், விருந்தினர், பிரின்டர், கேமரா.

இதில் எதைத் தொடலாம்? எதைத் தொட்டால் ஆபத்து? ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு மாற்ற விரும்புகிறேன்.

---

தென்றல்27:

பீக்கன் இன்டர்வலை 300 ஆக்கிப் பாருங்கள் நண்பரே. பீக்கன் குறைந்தால் காற்றில் கூட்டம் குறையும், ஃபோன் பேட்டரியும் நிற்கும். 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் நல்லதுதான், வேகம் இரட்டிப்பாகும். பவர் இன்னும் வேண்டுமானால் கன்ட்ரி கோடை வேறு நாட்டுக்கு மாற்றினால் 30 டிபிஎம் வரை திறக்கும் என்று ஒருவர் சொன்னார்.

---

கம்பியிலி:

நீலவானம், முழு விவரத்தையும் போட்டது நல்லது. இப்படி எழுதினால்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். வைஃபையில் பங்குபோட்டுக்கொள்வது வேகத்தை அல்ல, நேரத்தை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே மைக்கை மாற்றி மாற்றி வாங்கிப் பேசும் கூட்டம் மாதிரி: மெதுவாக இழுத்துப் பேசுபவர் ஒருவர் இருந்தால் அவர் பின்னால் நிற்கும் எல்லாருக்கும் தாமதம். அட்வான்ஸ்டு பக்கத்தில் எந்த செட்டிங்கைப் பார்த்தாலும் 'இது காற்றில் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா, தின்கிறதா' என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் 2.4-க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பீக்கன் என்பது ஏபி தன் இருப்பைச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பும் அறிவிப்பு. பீக்கன் இன்டர்வல் 100 என்பது 100 மில்லி விநாடி அல்ல. அதன் அலகு 1024 மைக்ரோ விநாடி, ஆகவே 102.4 மில்லி விநாடிக்கு ஒரு பீக்கன். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் தனி பீக்கன். நான்கு எஸ்எஸ்ஐடி, மூன்று ஏபி, எல்லாம் ஒரே சேனலில். ஆக அந்த 102.4 மில்லி விநாடிக்குள் 12 பீக்கன்கள்.

802.11பி இயக்கத்தில் இருப்பதால் அவை பெரும்பாலும் 1 மெகாபிட் வேகத்தில் போகும். ஒரு பீக்கன் 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். அது 2400 பிட், 1 மெகாபிட்டில் 2400 மைக்ரோ விநாடி. தரவுக்கு முன்னால் போகும் லாங் ப்ரீயாம்பிளுக்கு 192 மைக்ரோ விநாடி. ஒரு பீக்கனுக்கே ஏறத்தாழ 2.6 மில்லி விநாடி. 12 பீக்கனுக்கு 31 மில்லி விநாடி. யாரும் ஒரு பைட் கூட அனுப்பும் முன்பே சேனலின் 30 சதவீத நேரம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்வதிலேயே போய்விடுகிறது.

இப்போது 802.11பி-யை நிறுத்தி, குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் ஆக்குங்கள். அதே 300 பைட் பீக்கன் ஏறத்தாழ 0.23 மில்லி விநாடியில் முடிந்துவிடும். எஸ்எஸ்ஐடியை இரண்டாகக் குறைத்து, மூன்று ஏபியையும் 1, 6, 11 என்று பிரித்தால், ஒரு சேனலில் பீக்கனுக்குப் போகும் நேரம் அரை சதவீதத்துக்கும் கீழே. பீக்கன் இன்டர்வலைத் தொடவே வேண்டாம்.

தென்றல், 300 ஆக்கச் சொன்னதன் நோக்கம் புரிகிறது. ஆனால் ஃபோன் ஏபியைத் தேடும்போது ஒவ்வொரு சேனலிலும் ஏறத்தாழ ஒரு பீக்கன் காலம்தான் காது கொடுத்து நிற்கும். 300 வைத்தால் அந்த நேரத்துக்குள் பீக்கன் வராமலே போகலாம். ஃபோன் பக்கத்து ஏபியைக் கவனிக்காமல் பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் அழைப்பு விழும் இவருக்கு அது இன்னும் மோசம். பேட்டரிக்குப் பார்க்க வேண்டியது டிடிம், பீக்கன் அல்ல. அதைப் பிறகு எழுதுகிறேன்.

2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸும் வேண்டாம். அந்த பேண்டில் இருப்பதே மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஏபி பாதியை எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டும், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் எங்கே போகும்? சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. 20 அகலத்தில் 1, 6, 11 மட்டுமே ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கும்.

கன்ட்ரி கோடை மாற்றும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டின் கோடுதான். அது சட்டம் என்பது ஒருபுறம். ஏபி ஒரு நாட்டு சேனல் பட்டியலையும் ஃபோன் இன்னொன்றையும் வைத்திருந்தால் சில சேனல்களில் ஃபோனுக்கு ஏபி தெரியவே தெரியாது.

---

இரவுப்பறவை:

கம்பியிலி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆர்டிஎஸ் 256-ஐ அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று தளக் கட்டிடம், கான்கிரீட் தளம், சுவர்கள். ஒரு மூலையில் இருக்கும் லேப்டாப்புக்கு மறு மூலையில் இருப்பது கேட்காது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏபிக்கு அனுப்பி மோதிக்கொள்ளும். மறைந்த நோடு சிக்கல் என்பது இதுதான். த்ரெஷோல்டைவிடப் பெரிய செய்தியை அனுப்பும் முன் 'அனுப்பலாமா' என்று கேட்கும் ஆர்டிஎஸ் அதற்காகவே இருக்கிறது. முன்பு இருந்தவர் காரணத்தோடுதான் வைத்திருப்பார்.

---

கம்பியிலி:

இரவுப்பறவை, மறைந்த நோடு உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏபியில் வைக்கும் ஆர்டிஎஸ் த்ரெஷோல்டு, ஏபி அனுப்பும் ஃப்ரேமுக்கு (தரவுப் பொட்டலத்துக்கு) மட்டும்தான் பொருந்தும். நீங்கள் சொன்ன மோதலில் அனுப்புவது இரண்டு லேப்டாப்புகள். அவற்றின் ஆர்டிஎஸ் அளவு அவற்றின் டிரைவரிடம் இருக்கிறது. வைஃபை 6 ஏபி தன்னிடம் இணைந்த சாதனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியும், ஆனால் அது வேறு செட்டிங்.

செலவையும் பாருங்கள். ஆர்டிஎஸ் 20 பைட், 'அனுப்பு' என்று பதிலாக வரும் சிடிஎஸ் 14 பைட். இரண்டும் 1 மெகாபிட் வேகத்தில் லாங் ப்ரீயாம்பிளோடு போனால், இடைவெளிகளையும் சேர்த்து 676 மைக்ரோ விநாடி. அதன் பிறகு வரும் 1500 பைட் ஃப்ரேமின் தரவுப் பகுதி 72 மெகாபிட்டில் 170 மைக்ரோ விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. முன்னுரை கதையைப் போல நான்கு மடங்கு நீளம்! குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தி இவை 24 மெகாபிட்டில் போனால் ஆர்டிஎஸ் 28, சிடிஎஸ் 28 மைக்ரோ விநாடி மட்டும். அப்போது செலவு பெரிதாகத் தெரியாது. அதனால் முதலில் வேகத்தைச் சரிசெய்து, ஆர்டிஎஸ்ஸை 2347-க்கு, அதாவது கிட்டத்தட்ட ஆஃப் நிலைக்குக் கொண்டுபோகலாம். அதன் பிறகும் ரீட்ரை (மறுபடி அனுப்புவது) அதிகமாக இருக்கிறது, ஆனால் சிக்னல் நன்றாக இருக்கிறது என்றால் மறைந்த நோடைச் சந்தேகிக்கலாம்.

ஃப்ராக்மென்டேஷன் 2346 என்றால் ஆஃப். அப்படியே விடுங்கள். வைஃபை 4-இல் இருந்து ஃப்ரேம்களைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதில்தான் வேகமே வருகிறது. அவற்றை உடைப்பது அதற்கு நேர் எதிர்.

---

இரவுப்பறவை:

ஏபி அனுப்புவதற்கு மட்டும்தான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் இவருடைய இடத்தில் 2347 சரி. ஆனால் ஏபி தான் அனுப்புவதற்கு ஆர்டிஎஸ் போடுவதிலும் ஒரு பயன் உண்டு. ஃபோன் திருப்பிச் சொல்லும் சிடிஎஸ், ஏபியின் குரல் எட்டாத, ஃபோனுக்கு அருகில் உள்ள பக்கத்து நெட்வொர்க்கையும் அடக்கும். நெரிசலான கட்டிடத்தில் அதற்கு மதிப்பு இருக்கிறது. ஒரேயடியாகத் தேவையற்றது என்று எழுதிவிட வேண்டாம்.

---

கம்பியிலி:

ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து நெட்வொர்க் நெரிசல் இருக்கும் இடத்தில் அது உதவும்.

---

சிற்றலை:

படிக்கட்டில் அழைப்பு விழுவது பற்றி நான் எழுதுகிறேன். அலுவலகங்களில் வைஃபை தொலைபேசி அமைப்பதுதான் என் வேலை.

நீலவானம், உங்கள் முதல் எதிரி பவர் 'ஹை'. ஃபோனில் தெரியும் கோடுகள் ஏபியின் குரல் ஃபோனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. ஃபோனின் குரல் ஏபிக்குக் கேட்கிறதா என்பது அதில் இல்லை. ஏபி 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்டில் அனுப்புகிறது. ஃபோன் அனுப்புவது அதைவிடக் குறைவு, 15 டிபிஎம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 32 மில்லிவாட். எட்டு டிபி வித்தியாசம். கீழ்த்தள ஏபி மேல்தளத்திலும் ஓங்கிக் கேட்பதால் ஃபோன் அதை விடாது. ஆனால் அங்கிருந்து ஃபோன் திரும்பச் சொல்வது ஏபிக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். கோடுகள் முழுதாக இருந்தும் குரல் உடைவதற்கு இது பெரிய காரணம்.

ஆகவே பவரைக் குறையுங்கள். 'ஹை, மீடியம், லோ' என்று மட்டும் காட்டினால் அது டிபிஎம்மில் எவ்வளவு என்று ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 3 டிபி குறைந்தால் சக்தி பாதி: 20 டிபிஎம் 100 மில்லிவாட், 17 என்றால் 50, 14 என்றால் 25. சதவீதத்தில் காட்டும் ஏபிகளில் 50 சதவீதம் என்பது பெரிய குறைப்பு போலத் தோன்றும். உண்மையில் அது வெறும் 3 டிபி.

5 கிகாஹெர்ட்ஸில் 17-இல் தொடங்குங்கள். 2.4-இல் அதைவிட 6 அல்லது 7 டிபி குறைவாக, 10 அல்லது 11. ஒரே தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஏறத்தாழ 7 டிபி அதிகமாகத் தேய்கிறது. இரண்டையும் ஒரே பவரில் வைத்தால் 2.4 எப்போதும் பலமாகத் தெரியும், ஃபோன்கள் அந்த நெரிசலான பேண்டிலேயே போய் விழும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தாலே, சாதனங்களை 5-க்குத் தள்ளும் பேண்ட் ஸ்டியரிங் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி தானாக நடந்துவிடும். ஃபோனை வலுக்கட்டாயமாக விரட்டும் பேண்ட் ஸ்டியரிங் எனக்குப் பிடிக்காது. சில சாதனங்கள் இணைப்பே கிடைக்காமல் திணறும்.

குறைத்த பிறகு ஒவ்வொரு தளத்திலும் நடந்து பாருங்கள். குரல் அழைப்புக்கு எல்லா இடத்திலும் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல சிக்னல் வேண்டும் என்பது எங்கள் துறையில் பொதுவாக வைக்கும் அளவு. அது கிடைக்காத மூலை இருந்தால் ஏபியின் இடத்தை மாற்றுவதுதான் தீர்வு. பவரை ஏற்றுவது கடைசி வழி.

அடுத்து ரோமிங். எந்த ஏபிக்கு எப்போது மாறுவது என்று முடிவு செய்வது ஃபோன்தான். ஏபி பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். 11கே பக்கத்து ஏபிகளின் பட்டியலைக் கொடுக்கும். ஃபோன் எல்லா சேனலையும் தேடி அலைய வேண்டியதில்லை. 11வி 'அங்கே போனால் நல்லது' என்று சொல்லும். இரண்டையும் ஆன் செய்யுங்கள், பாதகம் குறைவு. 11ஆர் மாறும்போது சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்கும். குரலுக்கு அது அருமையானது. ஆனால் பழைய பிரின்டர்கள், ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு 11ஆர் புரியாது, இணையவே மறுக்கும். பணியாளர் எஸ்எஸ்ஐடியில் மட்டும் ஆன் வைத்து மற்றவற்றில் அணைத்துவிடுங்கள். உங்களிடம் இப்போது 11ஆர் மட்டும் ஆன், மற்ற இரண்டும் ஆஃப். கதவைத் திறந்து வைத்துவிட்டு வழி சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ என்றொரு செட்டிங் கண்ணில் பட்டால் இப்போதைக்குத் தொடாதீர்கள். சிக்னல் குறைந்த சாதனத்தை ஏபியே உதைத்து வெளியேற்றும். கவரேஜ் சரியில்லாத இடத்தில் அதை வைத்தால் ஒரு மூலையில் இருப்பவருக்கு இணைப்பு வந்து வந்து அறுபடும்.

---

நீலவானம்:

கம்பியிலி, சிற்றலை அக்கா, இரவுப்பறவை, மிக்க நன்றி. அந்த 30 சதவீதக் கணக்கை அலுவலகத்தில் காட்டினேன், எஸ்எஸ்ஐடியைக் குறைக்க உடனே ஒப்புதல் கிடைத்தது. சில கேள்விகள்.

ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸில் 80 அகலத்தை என்ன செய்வது? இரண்டு, 12 மெகாபிட் குறைந்தபட்சம் வைத்தால் பிரின்டர் வெளியே போய்விடுமா? அப்புறம், டிடிம் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

---

கம்பியிலி:

5 கிகாஹெர்ட்ஸ்: 40-க்குக் குறையுங்கள். மூன்று ஏபியும் 36-இல் 80 அகலத்தில் இருந்தால் மூன்றுக்கும் ஒரே சேனல்தான், 36 முதல் 48 வரை முழுக்க ஒன்றே. தளத்துக்குத் தளம் கொஞ்சம் தடுப்பு கிடைக்கும், ஆனால் படிக்கட்டு வழியாகக் கேட்கும். 40 வைத்தால் 36, 44, 149 என்று மூன்றும் பிரிந்து நிற்கும், உங்கள் நாட்டில் 149 அனுமதி இருந்தால். அகலத்தை இரட்டிப்பாக்கும்போது ஏபி அதே சக்தியை இரண்டு மடங்கு இடத்தில் பரப்ப வேண்டியிருக்கிறது. இரைச்சலும் 3 டிபி கூடுகிறது. தூரத்தில் இருப்பவருக்கு 80 பல நேரம் 40-ஐவிட மோசம். ஒரே ஆளுக்கு ஸ்பீட் டெஸ்ட்டில் பெரிய எண் வேண்டும் என்றால் 80. நிறைய பேர் ஒரே நேரத்தில் அழைப்பில் இருக்க வேண்டும் என்றால் 40, இன்னும் நெரிசல் என்றால் 20. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சேனல் போதவில்லை என்றால் 52 முதல் 64, 100 முதல் 144 வரை உள்ள டிஎஃப்எஸ் சேனல்களைப் பார்க்கலாம். அங்கே ரேடாருக்கு முன்னுரிமை. ஏபி அந்த சேனலில் பேசும் முன் 60 விநாடி சும்மா கேட்க வேண்டும். ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. 120 முதல் 128 வரை வானிலை ரேடார்கள் இருக்கும் பகுதி. ஐரோப்பிய விதிப்படி அங்கே 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். ரீபூட் செய்த பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் காணவில்லை என்று பதறுபவர்களில் பலருக்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான். விமான நிலையமோ துறைமுகமோ அருகில் இல்லாவிட்டால் டிஎஃப்எஸ் சேனல்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஏபியின் லாகில் ரேடார் நிகழ்வு எத்தனை முறை வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பிரின்டர்: 802.11பி மட்டும் தெரிந்த சாதனம் என்றால் வெளியே போய்விடும். ஜி அல்லது என் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஏபியின் இணைந்த சாதனப் பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த ஸ்டாண்டர்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு பி சாதனம் இணைந்திருந்தாலும் ஏபி மற்ற எல்லாரையும் பாதுகாப்பு முறைக்கு மாற்றிவிடும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் முன்னால் பழைய வேகத்தில் ஓர் அறிவிப்பு. பிரின்டருக்குக் கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே சிறந்த வழி.

டிடிம்: தூங்கிக்கொண்டிருக்கும் ஃபோன்களுக்கான பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் செய்திகளை ஏபி சேர்த்து வைத்து, டிடிம் பீக்கனுக்குப் பிறகு ஒரேயடியாக அனுப்பும். 1 என்றால் ஒவ்வொரு பீக்கனுக்கும் ஃபோன் விழிக்க வேண்டியிருக்கும். 3 என்றால் மூன்றுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 307 மில்லி விநாடி. பேட்டரிக்கு நல்லது. மல்டிகாஸ்ட்டில் வரும் வீடியோ, அறிவிப்பு ஒலிபரப்பு போன்றவை இருந்தால் அந்தத் தாமதம் தெரியும், அப்போது 1. சாதாரண அழைப்பு யூனிகாஸ்ட் (ஒரு சாதனத்துக்கு மட்டும் போவது) என்பதால் டிடிம் அதைப் பாதிக்காது. லினக்ஸில் ஏபியை இயக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரலில் டிடிம்மின் இயல்பு மதிப்பு 2. நானும் அதையே வைக்கிறேன்.

மல்டிகாஸ்ட்டும் குறைந்தபட்ச வேகத்திலேயே போகும். அந்த எண்ணை ஏற்றினால் அதற்கும் லாபம்.

---

தென்றல்27:

பீக்கன் விஷயத்தில் தெளிவு கிடைத்தது, நன்றி. டபிள்யூஎம்எம்மை அணைத்தால் தாமதம் குறையும் என்று விளையாட்டுக்காரர்கள் வட்டத்தில் பேச்சு உண்டு. கார்ட் இன்டர்வல் 'ஷார்ட்' வைக்கலாமா? எங்கள் வீட்டு ஏபியிலும் இவை இருக்கின்றன.

---

சிற்றலை:

டபிள்யூஎம்எம்மை அணைக்கவே கூடாது. வைஃபை 4 முதல் எல்லா வேகமும் அதை நம்பித்தான் இருக்கிறது. அணைத்தால் இணைப்பு 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். குரலுக்கும் வீடியோவுக்கும் தனி வரிசை தருவதும் அதுதான். குறியாக்கத்தில் பழைய டிகேஐபி வைத்தாலும் இதே 54 தான், ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். வேகம் 54-ஐத் தாண்டவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

கார்ட் இன்டர்வல், அதாவது அனுப்பும் குறிகளுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி, 'ஆட்டோ'வில் இருக்கட்டும். 800 நானோ விநாடியை 400 ஆக்கினால் 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஸ்ட்ரீமுக்கு 65 மெகாபிட் 72.2 ஆகிறது, 11 சதவீதம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் தாமதமாக வரும் பெரிய கூடங்களில் அது பிழையைக் கூட்டும். ஆட்டோ என்றால் ஏபி சூழலுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும்.

ஏர்டைம் ஃபேர்னஸ் நல்லது, ஆன் செய்யலாம். மெதுவான சாதனம் நேரத்தை விழுங்காமல் தடுக்கும். மெதுவான கேமரா ஒன்றுக்குச் சீரான ஓட்டம் தேவை என்றால் மட்டும் அது தடுமாறுகிறதா என்று பாருங்கள். வைஃபை 6 பயன்முறையை இயக்கிய பிறகு சில பழைய லேப்டாப்களின் கண்ணில் நெட்வொர்க்கே படாது. அங்கே ஏபியைக் குறை சொல்லாமல் லேப்டாப்பின் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள்.

---

இரவுப்பறவை:

நீலவானம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மாற்றும் முன் இப்போதைய நிலையை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீட் டெஸ்ட் எண்ணை நம்ப வேண்டாம், அது ஒரு ஆளின் ஒரு கணத்தைக் காட்டும். ஏபியின் புள்ளிவிவரப் பக்கத்தில் சேனல் பிஸி சதவீதம், ரீட்ரை சதவீதம் இரண்டும் இருக்கும். லினக்ஸ் அடிப்படையிலான ஏபியில் ஐடபிள்யூ கருவியின் சர்வே டம்ப் கட்டளை, சேனல் எவ்வளவு நேரம் விழித்திருந்தது, அதில் எவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று தரும். கூடவே ஒரு லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சில் உள்ள கணினிக்குப் பிங் ஓடவிடுங்கள். சராசரியைவிட, நடுநடுவே எவ்வளவு எகிறுகிறது என்பதுதான் அழைப்பின் தரத்தைச் சொல்லும்.

வரிசை என் பார்வையில்: சேனலும் அகலமும் முதலில், பிறகு பவர், அதன் பிறகு குறைந்தபட்ச வேகம், எஸ்எஸ்ஐடி குறைப்பு. ரோமிங் செட்டிங் கடைசியில். அடித்தளம் சரியாகும் முன் 11கே, 11வி பலனை அளக்கவே முடியாது.

---

நீலவானம்:

செய்து முடித்துவிட்டு வந்திருக்கிறேன். இரவுப்பறவை சொன்ன வரிசையிலேயே போனேன்.

2.4: 1, 6, 11, அகலம் 20, பவர் 11 டிபிஎம், பி ஆஃப், குறைந்தபட்சம் 12. 5: 36, 44, 149, அகலம் 40, பவர் 17, குறைந்தபட்சம் 12. டிடிம் 2, ஆர்டிஎஸ் 2347. எஸ்எஸ்ஐடி இரண்டு: பணியாளர், விருந்தினர். கேமராக்களும் பிரின்டரும் கேபிளுக்குப் போய்விட்டன. 11கே, 11வி ஆன், பணியாளருக்கு மட்டும் 11ஆர்.

2.4 சேனல் பிஸி, ஆட்கள் நிறைந்த நேரத்தில் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சேனலையும் அகலத்தையும் மாற்றியதிலேயே பிங் எகிறுவது பெருமளவு அடங்கியது. படிக்கட்டு அழைப்பைச் சரிசெய்தது பவர். குறைத்த உடனேயே, 11கே ஆன் செய்யும் முன்பே, ஃபோன்கள் தளம் மாறும்போது ஏபியையும் மாற்றத் தொடங்கின. முதல் தளத்தில் ஒரு கோப்பறையில் மட்டும் மைனஸ் 74 காட்டுகிறது. ஏபியை நடைபாதையிலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்தப் போகிறேன்.

தெரிந்ததை இவ்வளவு பொறுமையாகப் பகிர்ந்ததற்கு எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

---

சிற்றலை:

மகிழ்ச்சி. நகர்த்தும்போது ஏபியை இரும்பு அலமாரிக்கு மேலே வைத்துவிடாதீர்கள். முடிந்தால் கூரையில், முகம் கீழே பார்க்க.

---

பொன்வண்டு:

இழையை முழுக்கப் படித்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். என்னுடையது கொஞ்சம் வேறு சிக்கல். இரண்டு கட்டிடங்களுக்கு இடையே 3 கிலோமீட்டர், திசை ஆண்டெனாவோடு 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. சிக்னல் மைனஸ் 60, இரைச்சலும் குறைவு. ஆனாலும் வேகம் வரவில்லை, ரீட்ரை மட்டும் மிக அதிகம். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'டிஸ்டன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதில் 0 இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

---

கம்பியிலி:

நேரடித் தொடர்பு உண்டு பொன்வண்டு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எதிர்முனை 'கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் ஒரு குறிப்பிட்ட நேரம்தான் அதற்குக் காத்திருப்பார். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். உங்களுக்குப் போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர், ஆக 20 மைக்ரோ விநாடி பயணத்திலேயே கழிகிறது. காத்திருப்பைக் கணக்கிடும் அலகான ஸ்லாட் நேரமே 5 கிகாஹெர்ட்ஸில் இயல்பாக 9 மைக்ரோ விநாடிதான். ஃப்ரேம் நல்லபடியாகப் போய்ச் சேர்கிறது, பதிலும் கிளம்பிவிடுகிறது. ஆனால் அது வந்து சேரும் முன்பே உங்கள் ஏபி 'போகவில்லை' என்று முடிவுகட்டி மறுபடி அனுப்புகிறது. சிக்னல் நன்றாக இருந்தும் ரீட்ரை மிகுவது இதனால்தான்.

டிஸ்டன்ஸ் மீட்டரில் கேட்டால் 3000-க்குச் சற்று மேலே, 3200 மாதிரி வையுங்கள். சில ஏபிகள் கவரேஜ் கிளாஸ் என்று கேட்கும். அதில் ஒரு படி 3 மைக்ரோ விநாடி, 450 மீட்டர். உங்களுக்கு 7 வரும். இரண்டு முனையிலும் ஒரே மதிப்பு வைக்க வேண்டும். தேவைக்கு மேல் மிகவும் கூட்டினால் உண்மையிலேயே தொலைந்த ஃப்ரேமுக்கும் வீணாகக் காத்திருக்கும், வேகம் குறையும்.

இன்னொன்று, நேர்கோட்டில் எதிர் ஆண்டெனா தெரிந்தால் மட்டும் போதாது. 3 கிலோமீட்டருக்கு 5.5 கிகாஹெர்ட்ஸில் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் வெளியின்) ஆரம் நடுவில் ஏறத்தாழ 6.4 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது 4 மீட்டர் அளவுக்குச் சுற்றிலும் மரமோ கூரையோ இல்லாமல் இருக்க வேண்டும்.

---

பொன்வண்டு:

இரண்டு முனையிலும் 3200 வைத்தேன். ரீட்ரை உடனே இறங்கிவிட்டது. நடுவில் ஒரு மரம் கோட்டுக்குக் கீழே மூன்று மீட்டர் வரை வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கம்பத்தை உயர்த்திவிட்டு மறுபடி அளக்கிறேன்.